மஸ்கட்டில் பாதி, கணபதியில் பாதி

பிளாஸ்டிக்கை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தால் ஒரு வாடை வரும். இஸ்திரிப் பெட்டியில் நைலான் துணி ஒட்டிக்கொண்டால் வருமே, அதே மாதிரி இனிப்பும் காரலுமாக வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோவை கணபதியில் எங்கள் வீட்டு முன்புறத்தில் இருந்த அப்பாவின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அந்த வாடை வந்தபோது நான் உள்ளே தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். பித்தளையை அறுத்தால் என்ன வாசம், வார்ப்பிரும்பைக் கடைந்தால் என்ன வாசம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பெண் நான். இந்த வாசம் மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஊறுகாய் கொண்டுவரச் சொல்லி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அங்கே அறுபட்டுக்கொண்டிருந்தது ஒரு "வீடியோ கேம்". கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறப் பெட்டி; மேல் பாதியில் பச்சை பாய்ந்த சின்னத் திரை, கீழ்ப் பாதியில் மஞ்சள் பொத்தான்கள். மேலேயிருந்து கட்டம் கட்டமாக விழுவதை இடமும் வலமும் தள்ளி, திருப்பி, ஓட்டையில்லாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. நானும் என் சிநேகிதி ஜெசியும் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் செலவழித்து எண்ணிப் பார்த்ததில் ஏழுதான் தேறின. மீதியெல்லாம் அதே ஏழு, கொஞ்சம் வேகத்தைக் கூட்டி, கொஞ்சம் குறைத்து, தலைகீழாக்கி. இதில் எதை ஆடினாலும் ஒரே பாட்டு, அதுவும் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. இப்படிக் குழந்தைகளை ஏமாற்றுகிறவர்கள் உருப்படுவார்களா என்று பதினோரு வயதிலேயே நான் சபித்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி என்னுடையது அல்ல, ஜெசியுடையது. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், பக்கத்துத் தெருக்காரி. அவளுடைய அப்பா மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், ஒன்றரை மாதம் இருப்பார், போய்விடுவார். அந்தத் தடவை வந்தபோது மகளுக்கென்று வாங்கி வந்தது இது. சாயங்காலமானால் அப்பாவும் மகளும் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாற்றி மாற்றி ஆடி, ஒருவர் ஆடும்போது மற்றவர் "அக்கட்டால தள்ளு, இக்கட்டால தள்ளு" என்று கத்துவார்கள். ஜெசி அதை யாருக்கும் தொடக்கூடத் தர மாட்டாள். எனக்கு மட்டும் தந்தாள்.

தந்ததற்குக் காரணம் பள்ளியில் நடந்த அறிவியல் கண்காட்சி. "வருங்காலத்தில் வரப்போகும் கருவி" என்பது தலைப்பு; இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சார்ட்டும் ஒரு மாதிரி உருவமும் செய்து வைக்க வேண்டும். மற்றவர்கள் சூரிய அடுப்பு, காற்றாலை என்று நல்ல பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் இருவரும், கையில் இருந்த வீடியோ கேம் கொடுத்த கடுப்பில், இனிமேல் வரப்போகிற வீடியோ கேம் எப்படி இருந்தாக வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிவிடுவதாக முடிவு செய்தோம். ரஃப் நோட்டில் எழுத ஆரம்பித்தால் எல்லாமே புகார்களாக இருந்தன. முதலில் அந்தப் பாட்டு. அதை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும், அதுவும் வரலாற்று வகுப்பில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் விரல் எட்டுகிற இடத்தில் வேண்டும். திரை வெயிலில் தெரியாது, நிழலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆகவே திரைக்குள்ளேயே விளக்கு, கலர் வேறு. ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்து "பென்டார்ச் செல்" தீர்ந்து திரை மங்குவது பொறுக்க முடியாத அநியாயம் என்பதால் சைக்கிள் டைனமோவில் ஓடுவதற்கு ஒரு வயர். அணைத்துவிட்டுப் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு ஆட்டம் முடியட்டும் என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் புரிவதில்லை. கட்டங்களுக்குப் பதில் ஓடிக் குதிக்கிற ஆட்கள் வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாலும் சாகாத உடம்பு பெட்டிக்கு வேண்டும்.

கடைசியில் ஜெசி ஒன்று சொன்னாள்.

"நடுவுல கழட்டற மாதிரி வேணும் புள்ள. ஒரு பாதி இங்க, ஒரு பாதி மஸ்கட்ல. ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்த ஆடோணும்."

அது எப்படி நடக்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துக்குவான். நாம என்னத்துக்கு ரோசனை பண்ணோணும்" என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அவர்கள் குடும்பமாக ஆனைமலைப் பக்கம் "ஒறம்பரை" என்கிற சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வருவதாக இருந்தது; திங்கட்கிழமை அவளுடைய அப்பா திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அளவெடுத்து வரைவதற்காக அதை என்னிடம் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழம பொழுதோட கொண்டாந்து குடுத்துரோணும். அப்பா போறதுக்கு முன்னால கடைசியா ஒரு ஆட்டம் ஆடோணும்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

வரைகிற வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், பம்ப் மோட்டார்களுக்குப் பாகங்கள் கடைந்து தருகிற அப்பாவின் ஒர்க்‌ஷாப்பிலேயே நான் வளர்ந்ததுதான். வெர்னியரில் அளவு பார்க்கத் தெரியும் என்கிற திமிர் வேறு. அப்பாவின் பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில், முன் தோற்றம், பக்கத் தோற்றம் என்று பிரித்து, மில்லிமீட்டர் அளவெல்லாம் போட்டு வரைந்தேன். ஒவ்வொரு பாதிக்கும் மொட்டை மாடியில் இருப்பது போன்ற ஒரு ஆன்டெனா வைத்தேன். "மேல் பாதி – மஸ்கட், கீழ்ப் பாதி – கணபதி" என்று எழுதினேன். கழற்றுகிற இடத்தில், திரைக்கும் பொத்தான்களுக்கும் சரியாக நடுவே, ஒரு கோடு போட்டேன். போட்ட பிறகு படம் கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது. அப்பாவிடம் வருகிற படங்களில் எல்லாம் குறுக்கே ஒரு புள்ளிக் கோடு ஓடும், அதன் இரண்டு முனையிலும் அம்புக்குறியும் ஆங்கில எழுத்தில் ஏ, ஏ என்றும் இருக்கும். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது இருந்தால்தான் படத்துக்கு ஒரு மதிப்பு என்று தோன்றியது. அம்புக்குறி இரண்டு போட்டேன். ஏ, ஏ என்று எழுதினேன். எல்லாப் படத்தின் மூலையிலும் சிவப்பு மையில் "அவசரம்" என்று இருக்கும், அதையும் எழுதினேன்.

ஒர்க்‌ஷாப் வாசலை ஒட்டி ஒரு இரும்பு மேஜை உண்டு. வேலை கொடுக்க வருகிறவர்கள் தேய்ந்த பாகத்தையும் அதன் அடியில் படத்தையும் அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. படத்தின் மேல் ஒரு பொருள் உட்கார்ந்திருந்தால் அது "சாம்பிள்". உள்ளே குடைவு எப்படி, சுவர் எத்தனை கனம் என்று வெளியிலிருந்து தெரியாத சாம்பிளை, படத்தில் ஏ, ஏ என்று போட்ட கோட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். "அறுத்துப் பாக்காம அளவு சொல்லாதீங்க" என்பது அப்பா நாளைக்கு நாலு தடவை சொல்கிற வாக்கு. அந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்க வேண்டிய இந்த விஷயம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சனிக்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்து படத்தை முடித்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். படம் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று, என் புத்தியை என்ன சொல்ல, அதன் மேல் வீடியோ கேமை எடுத்து வைத்துவிட்டுப் போனேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது பழனிச்சாமி அண்ணன் வேலையை முடித்திருந்தார். அப்பாவிடம் பத்து வருடத்துக்கு மேல் லேத்தில் கடைந்துகொண்டிருந்த டர்னர் அவர், கையெழுத்துக்கூட ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும். எண்ணெய் துடைக்கிற துணியின் மேல் இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். செல்களை முதலிலேயே கழற்றி ஒரு டப்பா மூடியில் பத்திரப்படுத்தியிருந்தார். அறுத்த விளிம்பு கையைக் கீறாமல் இருக்க நைஸ் அரம் போட்டு வழித்தும் விட்டிருந்தார்.

"ஆச்சு கண்ணு" என்றார். "கரண்டு ரம்பத்துல போட்டா உருகிப்போயிரும்னு கையிலயே அறுத்துப்போட்டேன்."

"ஏனுங்கண்ணா அறுத்தீங்க?"

"கோடு போட்டிருந்துச்சே."

"அது சாம்பிள் இல்லீங்கண்ணா. ஜெசியோடதுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவசரம்னு வேற எழுதியிருந்துச்சு" என்றார் மெதுவாக. "கையில இருந்த வேலைய அப்பிடியே உட்டுப்போட்டு இதைத்தான் மொதல்ல எடுத்தேன்."

தப்புச் செய்தவனைத் திட்டலாம். எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவரை என்ன சொல்லித் திட்டுவது? நான் அழுதேன்.

நாலு மணிக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியிலிருந்து திரும்பிய அப்பா இரண்டு பாதிகளையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அறுப்பு நேராத்தான் இருக்குது" என்றார். இந்த அம்புக்குறியை யார் போட்டது என்று கேட்டார். நான் என்றேன். எதற்கு என்று கேட்டார். "சும்மா, அழகுக்குங்கப்பா" என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் பழனிச்சாமி அண்ணனும் சேர்ந்துகொண்டார். அப்புறம் அப்பா கோயமுத்தூர்க்காரர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னார்: "அதுக்கென்ன கண்ணு, ஒட்டிப்போடலாம்." நிலாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாலும் அதுக்கென்னங்க என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடுகிற ஊர் இது. உள்ளே இருந்த பச்சை அட்டையில் மயிரிழை மயிரிழையாக ஓடிய செம்புக் கோடுகளை, மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றிப் பழகிய கையால் ஒவ்வொன்றாகப் பற்ற வைக்கப் பார்த்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தார்கள். திரையில் ஒரு கோடுகூட வரவில்லை. அதற்கும் சோர்ந்து போகவில்லை.

"இதென்னங்க பிளாஸ்டிக் கூடு, நாம அலுமினியத்துல ஊத்திப்போடலாம், ஆயுசுக்கும் ஒடையாது" என்றார் பழனிச்சாமி அண்ணன். "பட்டனுக்கு மோட்டார் ஸ்டார்ட்டர்ல இருக்குற பச்சை, செவப்பு பட்டன மாட்டிக்கலாமுங்க."

"உள்ளதான் சித்தெ ரோசனை பண்ணோணும்" என்றார் அப்பா.

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் தேம்பிக்கொண்டு நிற்கிறேன், இந்தப் பக்கம் இரண்டு பெரிய மனிதர்கள் என் படத்தின் மேல் குனிந்து நின்று, ஒன்றரைக் கிலோ எடையில் ஒரு வருங்கால வீடியோ கேமை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்லவேளையாக அம்மா வெளியே வந்தாள். "அந்தப் புள்ளயோட அப்பா நாளன்னிக்குக் கெளம்பறாராம், நீங்க இங்க அலுமினியம் ஊத்தறீங்களா" என்று ஒரே வாக்கியத்தில் ஒர்க்‌ஷாப்பை அமைதியாக்கினாள். மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று தீர்ப்பானது.

கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போவதைப் போல ஒரு அவஸ்தை கிடையாது. போனவுடன் கேட்டுவிட முடியாது, அது மரியாதை இல்லை. பழப்பையைக் கொடுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், காபி வேண்டாமுங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக் குடிக்க வேண்டும். என் மடியில் மஞ்சப்பை, அதற்குள் இரண்டு பாதிகளும் படமும். அப்பா எதிரே இருந்தவரிடம், "ஏனுங்க, பயணத்துக்கெல்லாம் எடுத்து வெச்சாச்சுங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க" என்றார் ஜெசி அப்பா. "மோட்டார்தான் தண்ணி இழுக்க மாட்டேங்குது. நா போயிட்டா இவுங்க செரமப்படுவாங்க."

அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். அடுத்த நிமிடம் இருவரும் கொல்லையில் இருந்தார்கள். வந்த காரியம் காற்றில் போயிற்று. ஒரு மணி நேரம் ஸ்பேனர் சத்தமும் "அத இப்பிடித் திருப்புங்க" என்ற பேச்சும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரமும் என் எதிரில் ஜெசி உட்கார்ந்திருந்தாள்.

"குடு புள்ள" என்றாள். "அப்பா வந்ததும் ஆடோணும். புதுச் செல்லு வாங்கி வெச்சிருக்கறேன் பாரு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தாளுறை பிரிக்காத புதுப் பென்டார்ச் செல்கள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தேன். பழனிச்சாமி அண்ணன் அறுத்ததைச் சொன்னேன், அப்பா ஒட்டப் பார்த்ததைச் சொன்னேன், கடைசியில், அம்புக்குறி போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். ஜெசி அழவில்லை. இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்து ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிரீஸ் கையைத் துடைத்தபடி இருவரும் உள்ளே வந்தார்கள். தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அப்பா, "அது வந்துங்க..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார். ஜெசி அப்பா குனிந்து ஒரு பாதியை எடுத்து, அறுத்த விளிம்பில் விரலை ஓட்டினார். அவரும் கைத்தொழில்காரர் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சுத்தமா அறுத்திருக்காங்க" என்றார். அதுவரை அழாத ஜெசி அப்போதுதான் அழுதாள். எனக்கு அந்த இரண்டு ஆண்களையும் சேர்த்து அந்த மோட்டார் குழிக்குள் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அவர் சங்கடப்பட்டுப் போய், கையில் ஏதாவது வேண்டுமே என்பதற்காகக் கீழே கிடந்த படத்தை எடுத்தார். டைனமோ வயரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு "மேல் பாதி – மஸ்கட், கீழ்ப் பாதி – கணபதி" என்ற இடத்துக்கு வந்தார். அதை வாய்க்குள் படித்தார். கொல்லையில் மோட்டார் தண்ணீர் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"போச்சாதுங்க, உடுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "படத்துல போட்ட மாதிரியேதான் சாமி செஞ்சிருக்காங்க. மேல் பாதிய நா கொண்டுபோறேன். நீ இங்க அமுக்கு, நா அங்க பாக்கறேன்."

ஜெசி அதை நம்பவில்லை. பதினோரு வயதில் யார் நம்புவார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் முறுக்கு டப்பாவுக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவில், ஒரு லுங்கியில் சுற்றி, திரை இருந்த பாதியைப் பெட்டிக்குள் வைத்ததை நானே தெருவில் நின்று சன்னல் வழியாகப் பார்த்தேன். பொத்தான் இருந்த பாதி ஜெசியிடம் இருந்தது. அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கண்காட்சி நடந்தது. பேசாமலேயே இருவரும் ஒரே மேஜையின் பின்னால் நின்றோம். சார்ட்டின் முன்னால் பாதிப் பெட்டி. மீதி எங்கே என்று மிஸ் கேட்டார். "மஸ்கட்ல இருக்குதுங்க மிஸ்" என்றாள் ஜெசி. அவர் எங்கள் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இதெல்லாம் நடக்கிற காரியமா, படிப்புக்கு உதவுகிற மாதிரி ஏதாவது செய்திருக்கலாமே என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பரிசு, களிமண்ணில் செய்து நுரை பொங்க வைத்த எரிமலைக்குப் போயிற்று. வருங்காலக் கருவி என்ற தலைப்பில் எரிமலைக்குப் பரிசு கொடுத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டெலிபோன் இருந்தது, அந்த இரண்டு தெருவுக்கும் அதுதான். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெசிக்கு அழைப்பு வரும். என்னிடம் பேசாதவள், என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். தலையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். மணி அடித்தவுடன் பழனிச்சாமி அண்ணன் லேத்தை நிறுத்துவார். பாதி கடைசலில் நிறுத்தினால் வேலையில் கோடு விழும், அப்பா வேறு யார் செய்தாலும் கத்துவார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். பழனிச்சாமி அண்ணன் கடைசி வரைக்கும் ஜெசியிடம் வருத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஆனால் ஒரு வெள்ளிக்கிழமைகூட லேத்தை ஓடவிட்டதும் இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அந்த முனையில் அவளுடைய அப்பா என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஜெசி, "மூவாயிரத்து எரநூறுங்கப்பா" என்றாள். மறுபடியும் கேட்டுவிட்டு, "இல்லீங்கப்பா, அந்த நீளக் கட்டம் வரவேயில்ல" என்றாள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தவள் என் முன்னால் நின்றாள். இரண்டு வாரம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்: "அடுத்த வாரம் நாலாயிரம்னு சொன்னா நம்புவாரா புள்ள?" நான் யோசித்துவிட்டு, ஒரேயடியாக ஏற்ற வேண்டாம், மூவாயிரத்து எண்ணூறு சொல் என்றேன். அவர் நிரந்தரமாக ஊர் திரும்புகிற வரைக்கும், ஆறு வருடம், வாரா வாரம் இந்த அநியாயம் நடந்தது. ஓடாத பெட்டியின் ஆட்டக் கணக்கை நான் தயாரித்துக் கொடுப்பேன், அவள் சொல்வாள், அங்கிருந்து அவர், "பாத்தேன் சாமி, நல்லா அடுக்கினே" என்பார். நடுவில் அவர் விடுமுறையில் வந்தபோது மட்டும், பாதிகளை எடுத்துச் சேர்த்து வைப்பதைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுக்கவில்லை.

அந்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் திரைக்குக் கண்ணாடித்தாள் ஒட்டுகிற கடை இருக்கிறது. என் மகள் கையில் ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் ரஃப் நோட்டில் கேட்டதெல்லாம் அதில் வந்துவிட்டது. கலர், விளக்கு, சத்தத்தை நிறுத்தும் பொத்தான், விட்ட இடத்திலிருந்து தொடர்வது, ஓடிக் குதிக்கிற ஆட்கள். கேட்காததும் வந்துவிட்டது. ஆடலாம் என்று எடுத்தால் அப்டேட் என்கிறது, பாஸ்வேர்ட் என்கிறது, சார்ஜ் இல்லை என்கிறது. திருப்பிப் பார்த்தால் ஒரு திருகாணி கிடையாது, பழனிச்சாமி அண்ணன் வந்தால்கூட எங்கே பிளேடை வைப்பது என்று திண்டாடிப் போவார். தூர தேசத்தில் இருக்கிற ஒருவரோடு ஒரே ஆட்டத்தை ஆடவும் முடிகிறது. யார் கண்ணு அது என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியாதுங்கம்மா, யாரோ" என்றாள் தலையைத் தூக்காமல்.

போன வருடம் ஜெசி ஈரோட்டில் வீடு கட்டிக் குடிபோனாள். போயிருந்தேன். அடுக்களையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் காதோரம் வந்து, "ஒண்ணு சொல்லட்டா புள்ள? எங்கிட்ட இருந்த பாதிய மொத வருசமே எங்கம்மா பழைய பேப்பரோட சேத்திப் போட்டுப்போட்டாங்க. உங்கிட்டகூடச் சொல்லல" என்றாள். பொத்தான்களை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டக் கணக்குக் கேட்க வருகிறாள் என்று நான் நினைத்திருந்த வருடங்களில் அவளிடம் பொத்தானே இல்லை. "அப்பாகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து, பந்தலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஜெசி அப்பாவிடம், எழுபது வயது தாண்டிய மனிதரிடம், சும்மா பேச்சுக்கு, அந்தத் திரைப் பாதி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்தார். "ரெண்டாவது வருசம் ரூம் மாத்துனாங்க அம்மணி, அதுல எங்கியோ போயிருச்சு" என்றார். "அதுக்கப்பறமும் பாத்தேன் பாத்தேன்னு சொல்லிப்போட்டேன். ஜெசிகிட்டச் சொல்லிப்போடாத."

பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்தார்கள். பாயசம் வரும்போது ஜெசி குனிந்து என்னைத் தாண்டித் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"இந்த வெள்ளிக்கெழம எட்டாயிரமுங்கப்பா" என்றாள்.

"பாத்தனே" என்றார் அவர். "கடைசியில அந்த நீளக் கட்டத்த உட்டுப்போட்டயே சாமி."

இரண்டு பேருக்கும் நடுவில், சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், நான் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.